தண்டவாளம் போன பின்னும்: குவீன்ஸ்டவுனின் ஆலயங்கள், பூங்காக்கள், சமூக அமைப்புகள்

காமன்வெல்த் டிரைவில் 1ஆம் எண் ஒரு கத்தோலிக்கத் தேவாலயத்தின் முகவரி. 3ஆம் எண் ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயத்தின் முகவரி. கூடாரம்போல் மடிந்து இறங்கும் தேவாலயக் கூரையும் கோயில் கோபுரமும் அருகருகே நிற்கும் காட்சி குவீன்ஸ்டவுன்வாசிகளுக்குப் பழகிப்போன ஒன்று. புதிதாக வருபவர்கள்தான் கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்கிறார்கள்.

அந்த இரண்டு வாசல்களிலிருந்தும் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது தங்ளின் ஹால்ட். அங்கு 31 புளோக்குகள் மறுமேம்பாட்டுக்காக எடுத்துக்கொள்ளப்படும் என்று 2014ஆம் ஆண்டு அறிவிப்பு வந்தது. அதன்பின் அக்கம்பக்கத்தில் அரை நூற்றாண்டு வாழ்ந்த குடும்பங்கள் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு புதிய வீடுகளுக்குச் சென்றுவிட்டன. வீடுகள் போகின்றன, ஆலயங்கள் இருக்கின்றன. ஒரு குடியிருப்புப் பேட்டையில் எது நிலைக்கிறது, எது கரைகிறது என்பதைப் பார்க்க சிங்கப்பூரில் இதைவிடப் பொருத்தமான வட்டாரம் இல்லை என்றே சொல்லலாம்.

முதல் துணைநகரம்

எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவை நினைவுகூரும் வகையில் 1953ஆம் ஆண்டு செப்டம்பரில் இந்தப் புதுநகருக்குக் குவீன்ஸ்டவுன் என்று பெயர் சூட்டப்பட்டது. நகரமையத்துக்கு வெளியே, தனக்கு வேண்டிய எல்லாவற்றையும் தன்னிடமே வைத்திருக்கும் துணைநகரம் ஒன்றை உருவாக்கும் முதல் முயற்சி இது. தொடங்கியது சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிதி. 1960ல் அமைக்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) அதைத் தொடர்ந்தது. வீவகவின் முதல் புளோக்குகள் ஸ்டெர்லிங் ரோட்டில் எழுந்தவை.

அதற்கு முன்பு இங்கே இருந்தது சதுப்பும் குன்றுகளும் ஒரு சீனக் கிராமமும். அக்கிராமத்தின் பெயர் போ பே காங். ஹொக்கியன் மொழியில் ‘வாலில்லாத ஆறு’ என்று பொருள். ஓடையின் மூலம் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லையாம், அதனால் அந்தப் பெயர். பிரிட்டிஷ் ராணுவ முகாம் ஒன்றும் அருகில் இருந்தது.

பல ‘முதல்’கள் இந்த வட்டாரத்துக்கு உண்டு. நாட்டின் முதல் முழுநேரக் கிளை நூலகமான குவீன்ஸ்டவுன் பொது நூலகத்தை 1970ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் தேதி அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ திறந்துவைத்தார். அதே கட்டடத்தில்தான் நூலகம் இன்றும் இயங்குகிறது. அதே ஆண்டில் விளையாட்டு வளாகமும் வந்தது. 1956ல் கட்டப்பட்ட 14 மாடி ஃபோர்ஃபார் ஹவுஸ் அன்றைய பொதுக் குடியிருப்புகளிலேயே உயரமானது. ‘பதினான்கு மாடி’ என்று ஹொக்கியனில் சொன்னாலே போதும், டாக்சி ஓட்டுநர்கள் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். அந்தக் கட்டடம் இப்போது இல்லை.

ரயில் ஊழியர்கள் வைத்த சாமி

தமிழர்களைப் பொறுத்தவரை குவீன்ஸ்டவுனின் கதை புதுநகருக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. 1932ஆம் ஆண்டு தஞ்சோங் பகார் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. அதற்காகப் புக்கிட் தீமாவிலிருந்து தெற்கே புதிய தடம் போடப்பட்டது. அது சென்ற வழியில்தான் இன்றைய குவீன்ஸ்டவுன் இருக்கிறது. தங்ளின் ஹால்ட் என்ற பெயரும் ரயில் நின்று சென்ற இடத்தால் வந்ததே.

ரயில்வேயில் வேலை பார்த்த இந்தியத் தொழிலாளர்கள் அதே 1932ல் குவீன்ஸ்வே அருகே தண்டவாளத்தோரம் ஒரு சிறு வழிபாட்டிடத்தை அமைத்தார்கள். முனியாண்டி கோயில் என்று அதை அழைத்தார்கள். மலாயாவின் தோட்டங்களையும் ரயில் தடங்களையும் அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. ஆபத்து நிறைந்த வேலை நடக்கும் இடத்தில், ஊரின் எல்லையில், மரத்தடியில் முனி இருப்பார். கல் நட்டு, பொட்டு வைத்து, சுருட்டும் படையலும் வைத்தால் அது கோயில். அனுமதிப் பத்திரமோ கட்டட வரைபடமோ யாரும் கேட்கவில்லை. இரவு வேலைக்குப் போகும் ஆளுக்குத் துணை வேண்டும், அவ்வளவுதான்.

பின்னாளில் அந்தச் சிறு வழிபாட்டிடம் முறையான கோயிலாக வளர்ந்தது. சுற்றிலும் வீவக புளோக்குகள் எழுந்தபோது ரயில் குடும்பங்களைத் தாண்டிப் பேட்டையின் பக்தர்களும் வரத் தொடங்கினார்கள். பிறகு குவீன்ஸ்வே சாலையை அகலப்படுத்தும் திட்டம் வந்தது. கோயில் இடம் மாற வேண்டியதாயிற்று. காமன்வெல்த் டிரைவில் புதிய ஆலயம் எழும்பி 1998ல் குடமுழுக்கு கண்டது. தென்கிழக்காசியாவில் முனீஸ்வரருக்கு அமைந்த பெரிய ஆலயங்களில் ஒன்றாக அது இன்று பேசப்படுகிறது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கோயிலைப் பெற்றெடுத்த ரயில் 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி இரவுடன் தஞ்சோங் பகாரிலிருந்து ஓடுவதை நிறுத்திவிட்டது. மலேசியாவுடன் செய்துகொண்ட நில மாற்று உடன்பாட்டின்படி ஜூலை 1ஆம் தேதி தடத்து நிலம் சிங்கப்பூரின் கைக்கு வந்தது. தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. ஊழியர் குடியிருப்பு இல்லை, தடம் இல்லை, ரயில் இல்லை. முனீஸ்வரர் மட்டும் இருக்கிறார். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே சாலைக்காக இடம் மாறியதுகூட ஒரு வகையில் அவருக்கு நல்லதாகப் போயிற்றோ என்று தோன்றுகிறது.

ஆனால் ரயில்வே காலத்துக் கோயிலை நேரில் அறிந்த தலைமுறை மூத்துவிட்டது. யார் முதல் பூசை செய்தார், எந்தக் குடும்பங்கள் சந்தா கொடுத்தன, திருவிழாவுக்கு ரயில்வே விடுப்பு கிடைத்ததா என்பன போன்ற செய்திகள் வீட்டு ஆல்பங்களிலும் தாத்தா பாட்டி பேச்சிலும்தான் பெரும்பாலும் தங்கியிருக்கின்றன. தமிழ் படித்த எனக்குச் சங்க கால நடுகல்லைப் பற்றி விரிவாகச் சொல்லிக்கொடுத்தார்கள். எம்ஆர்டியில் அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய இந்தக் கோயிலின் தொடக்கத்தைப் பற்றி நான் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

கூடாரமும் திரையரங்கும்

கோயிலுக்குப் பக்கத்தில் உள்ள பிளெஸ்ஸட் சாக்ரமெண்ட் தேவாலயம் 1965ல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் பங்கு 1958ல் தொடங்கியது. சிலேட் ஓடுகள் வேய்ந்த அதன் கூரை, பழைய ஏற்பாட்டில் வரும் சந்திப்புக் கூடாரத்தை நினைவூட்டும்படி மடிப்பு மடிப்பாக அமைக்கப்பட்டது. பாலைவனத்தில் இடம்பெயர்ந்துகொண்டே இருந்த மக்கள் தம்முடன் சுமந்து சென்ற கூடாரம் அது. கம்பத்தைவிட்டும் கடைவீட்டைவிட்டும் அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்த முதல் தலைமுறைக்கு இந்த உருவகம் தனியாக விளக்கப்பட வேண்டியதாக இருந்திருக்காது. 2005ஆம் ஆண்டு நவம்பரில் இக்கட்டடம் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது.

அதே காமன்வெல்த் டிரைவில் 709ஆம் எண்ணில் குவீன்ஸ்டவுன் லுத்தரன் திருச்சபை இருக்கிறது. லுத்தரன் என்றதும் தமிழர்களுக்குத் தரங்கம்பாடியும் சீகன்பால்கும் நினைவுக்கு வரும். இது வேறு கிளை. 1950களில் மலாயாவின் புதுக்கிராமங்களில் சீனர்களிடையே பணியாற்றிய அமெரிக்க லுத்தரன் மிஷனரிகளின் வழி வந்தது. ஃபெய்த் மெதடிஸ்ட் திருச்சபையும் 1960களில் இந்தப் பேட்டையில் தொடங்கியதே.

மார்கரெட் டிரைவின் கதை சுவையானது. 1960களில் அங்கே வீனஸ், கோல்டன் சிட்டி என்று இரண்டு திரையரங்குகள் இருந்தன. படம், சாப்பாடு, சந்தை என்று வாரக்கடைசிக் கூட்டம் அலைமோதிய இடம். தொலைக்காட்சியும் வீடியோவும் வந்த பிறகு கூட்டம் குறைந்தது. வீனஸ் தப்பியது, 1980களில் ஆங்கிலிக்கன் சபையான சர்ச் ஆஃப் அவர் சேவியர் அதை வாங்கித் தேவாலயமாக்கியதால். படம் பார்த்த கூடத்திலேயே ஆராதனை நடக்கிறது.

இந்த வட்டாரத்தின் தமிழ்க் கிறிஸ்துவர்கள் பலர் ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் ஆராதனைக்காகப் பேட்டையைவிட்டு வெளியே செல்வது வழக்கம். கத்தோலிக்கர்களுக்கு ஓஃபிர் ரோட்டின் லூர்து அன்னை ஆலயம், மெதடிஸ்டுகளுக்குச் சற்றுத் தெற்கே உள்ள பாசிர் பாஞ்சாங் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபை அல்லது ஷார்ட் ஸ்திரீட்டில் உள்ள தமிழ் மெதடிஸ்ட் திருச்சபை. அண்டைவீட்டுத் தேவாலயம் வேறு, தாய்மொழித் தேவாலயம் வேறு என்ற நிலை அவர்களுக்கு.

ஸ்டெர்லிங் ரோட்டில் உள்ள முஜாஹிதீன் பள்ளிவாசல் 1977ல் திறக்கப்பட்டது. புதுநகர்களில் பள்ளிவாசல் கட்ட 1975ல் ஒரு நிதி தொடங்கப்பட்டது. முஸ்லிம் ஊழியர்களின் சம்பளத்திலிருந்து மத்திய சேம நிதி வழியாக மாதந்தோறும் சிறு தொகை அதற்குச் சென்றது. அப்படி எழுந்த தொடக்ககாலப் பள்ளிவாசல்களில் இதுவும் ஒன்று. அதே சாலையில் போ பே காங் கிராமத்தார் வழிபட்ட தெய்வங்களைக் கொண்ட தியோங் கீ கோயிலும் இருக்கிறது. கிராமம் போனாலும் சாமியைக் கைவிடாத இன்னொரு கூட்டம்.

ஹாலந்து குளோஸ் பக்கம் போனால் இதற்கெல்லாம் உச்சமான ஒரு காட்சி. ஹக்கா சமூகத்தின் இங் ஃபோ ஃபுய் குன் சங்கம் 1887ல் அமைத்த ஈமக்காடு, வீவக புளோக்குகளின் நடுவே சுமார் நான்கரை ஏக்கரில் இன்னும் இருக்கிறது. ஒரு காலத்தில் அதன் பரப்பு இதைவிடப் பலமடங்கு. 1960களின் இறுதியில் நிலம் எடுக்கப்பட்டபோது புதைகுழிகள் தோண்டி எடுக்கப்பட்டு, அஸ்திகள் ஒரே அளவான சிறு கல்லறைகளில் வரிசையாக வைக்கப்பட்டன. அங்குள்ள நினைவு மண்டபம் பழையபடியே நிற்கிறது. சங்கம் என்று ஒன்று இருந்து, கணக்கு வைத்து, கடிதம் எழுதிப் பேரம் பேசினால் இறந்தவர்களுக்குக்கூட இடம் மிஞ்சும் என்பதற்கு இதுவே சான்று.

பசுமைப் பாதை, போர்க்குன்று

பூங்காக்களில் மக்கள் இன்று அதிகம் நடப்பது பழைய ரயில் தடத்தில்தான். தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ்வரை 24 கிலோமீட்டர் நீளும் ரயில் பசுமைப் பாதை, தங்ளின் ஹால்ட்டின் ஓரமாகச் செல்கிறது. காலையில் ஓடுபவர்கள், மாலையில் நாயுடன் நடப்பவர்கள், வார இறுதியில் சைக்கிள் குடும்பங்கள். மழைக்குப் பின் சில இடங்களில் சேறு இருக்கும். பழைய காலணி நல்லது. ஒருபுறம் புளோக்குகள், மறுபுறம் ஆய்வுக்கூடங்கள் நிறைந்த ஒன்-நார்த் கட்டடங்கள். முனியாண்டியின் முதல் பக்தர்கள் நடந்த தடம் இதுதான் என்று தெரிந்துகொண்டு நடந்தால் பாதை சற்று மாறித் தெரிகிறது.

தெற்கே கென்ட் ரிட்ஜ் பூங்கா. 1942ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜப்பானியர்களை மலாய்ப் படையணி எதிர்த்து நின்ற குன்றுத்தொடர். லெஃப்டினென்ட் அட்னான் சைடி வீழ்ந்த புக்கிட் சண்டுவில் நினைவு இல்லம் இருக்கிறது. அதை ஒட்டி 23 ஹெக்டர் பரப்பில் ஹோர்ட்பார்க். வீட்டுத் தோட்டம் போடுபவர்கள் ஒரு முறையாவது போய்ப் பார்க்கலாம். அலெக்சாண்ட்ரா ஆர்ச் பாலத்தைக் கடந்தால் தெலுக் பிளாங்கா, மவுண்ட் ஃபேபர் என்று நடை நீளும்.

அலெக்சாண்ட்ரா மருத்துவமனையைப் பூங்கா என்று சொல்ல முடியாது. ஆனால் வண்ணத்துப்பூச்சிகளுக்காகவே அதன் தோட்டத்துக்கு வருபவர்கள் உண்டு. பிரிட்டிஷ் ராணுவ மருத்துவமனையாகக் கட்டப்பட்ட அங்கு, 1942 பிப்ரவரி 14, 15 தேதிகளில் நோயாளிகளும் ஊழியர்களும் ஜப்பானியப் படையினரால் கொல்லப்பட்டனர். நினைவுப் பலகை இருக்கிறது. சற்று நின்று படியுங்கள்.

யார் நடத்துகிறார்கள்?

சமூக மன்றம், வசிப்போர் குழுக்கள் ஆகியவற்றை வாசகர்கள் அறிவார்கள். 1960ல் அமைக்கப்பட்ட மக்கள் கழகத்தின்கீழ் அவை இயங்குகின்றன. தீபாவளி, பொங்கல் நிகழ்ச்சிகளை நற்பணிச் செயற்குழுக்கள் நடத்துகின்றன. இவை தவிர மார்கரெட் டிரைவில் உடற்குறை, அறிவுத்திறன் குறைபாடு உள்ளோருக்கான சேவைகள் பல ஆண்டுகளாகக் குவிந்திருக்கின்றன. 1962ல் தொடங்கிய மைண்ட்ஸ் அமைப்பும் ரெயின்போ சென்டர் பள்ளியும் அங்குள்ளன. அந்தச் சாலையில் பேருந்து ஏறும் பயணிகளுக்கும் ஓட்டுநர்களுக்கும் இந்தப் பிள்ளைகளைத் தெரியும். இதுவும் ஒரு பேட்டையின் பண்புதான்.

இந்த வட்டாரத்துக்கே உரிய அமைப்பு ‘மை கம்யூனிட்டி’. இளையர்கள் சிலர் சேர்ந்து 2010ஆம் ஆண்டுவாக்கில் ‘மை குவீன்ஸ்டவுன்’ என்று தொடங்கியது. மூத்தோரிடம் கதை கேட்டுப் பதிவுசெய்தார்கள். தொண்டூழியர்களைக்கொண்டு மரபுடைமை நடைகளை நடத்தினார்கள். கட்டடங்களைக் காக்க வேண்டும் என்று எழுத்துப்பூர்வமாக முன்மொழிந்தார்கள். 2014ல் குவீன்ஸ்டவுன் நூலகம், முன்னாள் காமன்வெல்த் அவென்யூ ஈரச்சந்தை, அலெக்சாண்ட்ரா மருத்துவமனைக் கட்டடங்கள் ஆகியவை பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சேர்ந்தன. வயதானவர்கள் புலம்புவது வேறு, ஆவணம் தயாரித்து ஆணையத்திடம் கொடுப்பது வேறு என்பதை அவர்கள் புரிந்துவைத்திருந்தார்கள்.

தங்ளின் ஹால்ட் விட்டுச்சென்றது

மீண்டும் அந்த 31 புளோக்குகளுக்கு வருவோம். ‘செர்ஸ்’ எனப்படும் தெரிவுசெய்யப்பட்ட ஒட்டுமொத்த மறுமேம்பாட்டுத் திட்டத்தில் எடுக்கப்படும் வீடுகளின் உரிமையாளர்களுக்கு இழப்பீடும் மாற்று வீடு வாங்கும் வாய்ப்பும் கிடைக்கும். வேண்டாம் என்றால் பணத்தைப் பெற்றுக்கொண்டு வேறு வட்டாரத்துக்குப் போகலாம். தங்ளின் ஹால்ட் குடும்பங்களுக்கு டாசன் பகுதியில் புதிய 99 ஆண்டுக் குத்தகையுடன் வீடுகள் ஒதுக்கப்பட்டன. பொருளாதார ரீதியில் பலருக்கு இது நல்ல செய்தி. 1960களில் கட்டிய, மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காத வீட்டில் இருந்தவர்களுக்கு அது வெறும் கணக்கு மட்டுமல்ல, முழங்காலுக்கு நிம்மதி.

இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. தங்ளின் ஹால்ட்டின் பழைய புளோக்குகள் பலவற்றில் நாம் இன்று பார்க்கும் வெற்றுத்தளம் கிடையாது. அது 1970களில்தான் பரவலானது. எனவே சந்திப்பு நடந்தது நடைவழியிலும் காப்பிக்கடையிலும் சந்தையிலும் கோயில் வாசலிலும். இவற்றில் முதல் மூன்றும் பேட்டையுடன் போகக்கூடியவை. நான்காவது மட்டும் தனி நிலத்தில் நிற்கிறது.

அதுவும் நிரந்தரம் என்று சொல்லிவிட முடியாது. புதுநகர்களில் வழிபாட்டுத் தலங்களுக்கு வீவக ஒதுக்கும் நிலம் பொதுவாக 30 ஆண்டுக் குத்தகைக்கு உட்பட்டது. குத்தகை முடியும்போது புதுப்பிக்கப் பணம் வேண்டும். பணம் வர பக்தர்கள் வேண்டும். பக்தர்கள் நடந்து வரும் தூரத்தில் இருந்தால் வெள்ளிக்கிழமை மாலையில் வருவார்கள்; இரண்டு பேருந்து மாறி வர வேண்டுமானால் தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் வருவார்கள்.

இந்தியர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்று. 1989ஆம் ஆண்டு முதல் நடப்பில் இருக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கையால் ஒரே புளோக்கிலோ ஒரே வட்டாரத்திலோ ஓரினத்தவர் குவிய முடியாது. இனங்கள் கலந்து வாழ அது உதவியிருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. அதன் மறுபக்கம், சிறிய சமூகத்தவருக்கு ‘நம் தெரு’ என்று ஒன்று இருக்காது. அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று தமிழ்க் குடும்பங்கள் இருந்தாலே அதிகம். அவர்கள் ஒருவரையொருவர் காணும் இடம் கோயிலோ தேவாலயமோ நற்பணிச் செயற்குழு நிகழ்ச்சியோதான். அதனால், குடும்பங்கள் சிதறும்போது பெரிய சமூகத்தைவிட நமக்கு இழை சீக்கிரம் அறுகிறது.

டாசனுக்கு மாறியவர்கள் இன்னும் அதே குவீன்ஸ்டவுனில்தான் இருக்கிறார்கள். ஆனால் கோல் ஊன்றி நடக்கும் ஒரு பாட்டிக்குப் பத்து நிமிட நடைக்கும் பேருந்துப் பயணத்துக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. குவீன்ஸ்டவுனை மூத்தோருக்கு உகந்த ‘சுகாதார வட்டாரமாக’ மாற்றும் திட்டம் 2021ல் அறிவிக்கப்பட்டது. வீவகவும் தேசியப் பல்கலைக்கழகச் சுகாதாரக் கட்டமைப்பும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் அதில் சேர்ந்திருக்கின்றன. நடைபாதைகளும் உடற்பயிற்சி இடங்களும் வரும்போது, வெள்ளிக்கிழமை மாலை ஒரு பாட்டி எங்கே போக விரும்புகிறார் என்பதையும் திட்டம் தீட்டுவோர் கேட்டால் நன்றாக இருக்கும்.

போய்ப் பார்க்க

காமன்வெல்த், குவீன்ஸ்டவுன் ஆகிய இரண்டு எம்ஆர்டி நிலையங்களிலிருந்தும் நடந்தே போகலாம். காமன்வெல்த்தில் இறங்கி, தங்ளின் ஹால்ட் வழியாக ரயில் பசுமைப் பாதையில் சிறிது தூரம் நடந்துவிட்டுக் காமன்வெல்த் டிரைவுக்கு வாருங்கள். தேவாலயமும் கோயிலும் அங்கே. பிறகு மார்கரெட் டிரைவ், நூலகம், பழைய வீனஸ். ஸ்டெர்லிங் ரோட்டில் பள்ளிவாசலையும் கிராமக் கோயிலையும் பார்த்துவிட்டுக் குவீன்ஸ்டவுன் நிலையத்தில் முடிக்கலாம். நிதானமாக நடந்தால் அரை நாள். உச்சிவேளையில் கோயில் நடை சாத்தியிருக்கும் என்பதால் காலையிலேயே கிளம்புவது நல்லது. வீட்டில் பழைய குவீன்ஸ்டவுன்வாசிகள் இருந்தால் அவர்களையும் அழைத்துக்கொண்டு போங்கள். எங்கே எந்தப் புளோக் இருந்தது என்று சொல்ல ஆள் வேண்டும்.